குதுப் மினார்: முதன்முறை போகிறவர்களுக்கு ஆண்டு வரிசையில் ஒரு சுற்று

டெல்லி சுற்றுலாப் பட்டியலில் குதுப் மினாருக்கு வழக்கமாக ஒதுக்குவது முக்கால் மணி நேரம். டிக்கெட், கோபுரத்துக்கு முன்னால் படம், இரும்புத் தூணுக்கு முன்னால் படம், வண்டி. அந்த வளாகத்துக்கு இது போதாது. சுமார் 1190களில் தொடங்கி 1316 வரை, ஒரே திடலில், மூன்று ஆட்சியாளர்கள் அடுத்தடுத்துக் கட்டியவை அங்கே நிற்கின்றன. கல்லால் வளைவு கட்டத் தெரியாத கொத்தர்கள் அந்த வித்தையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டதை நேரிலேயே பார்க்கலாம். அதற்கு ஒரு நிபந்தனை: கண்ணில் பட்டதையெல்லாம் பட்ட வரிசையில் பார்க்காமல், கட்டப்பட்ட வரிசையில் பார்க்க வேண்டும். கீழே உள்ள வழித்தடம் அப்படி அமைந்தது. இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

போய்ச் சேருவது

மெட்ரோதான் எளிது. மஞ்சள் தடத்தில் 'குதுப் மினார்' என்ற பெயரிலேயே நிலையம் இருக்கிறது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் புதுடெல்லி ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்கள், அங்கிருந்தே மஞ்சள் தடத்தில் குருகிராம் பக்கம் போகும் வண்டியில் ஏறினால் மாறாமல் வந்துவிடலாம். அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். திருக்குறள் எக்ஸ்பிரஸ், மதுரை சம்பர்க் கிராந்தி போன்ற வண்டிகளில் நிஜாமுதீனில் இறங்குகிறவர்களுக்குப் பக்கத்திலேயே இளஞ்சிவப்புத் தடம். அதில் ஐஎன்ஏ வரை போய் மஞ்சள் தடத்துக்கு மாற வேண்டும். விமானத்தில் முதல் முனையத்தில் இறங்கினால் மெஜந்தா தடத்தில் ஹோஸ் காஸ், அங்கே மஞ்சள் தடம்.

நிலையத்தின் பெயரை நம்பி, இறங்கியதும் எதிரே கோபுரம் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வாசல் அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல். நடந்தால் 20, 25 நிமிடம். சாலை இரைச்சலானது, நடைபாதை விட்டுவிட்டுத்தான் வரும். ஆட்டோ பிடிப்பதே மேல். ஆட்டோக்காரரிடம் வெறுமனே 'குதுப் மினார்' என்றால் நிலையத்தைச் சொல்கிறீர்களா கோபுரத்தையா என்று குழப்பம் வரும். 'மினார் கா கேட்' என்று சொல்லிவிடுங்கள். ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசி முடியுங்கள். 'வழியில் ஒரு கைவினைக் கடை, பார்த்துவிட்டுப் போகலாம்' என்று கட்டணத்தைக் குறைத்துச் சொன்னால், உங்கள் காலை நேரத்தில் பாதி அந்தக் கடையில் போகும் என்று பொருள்.

நாள், நேரம், டிக்கெட்

வாரத்தின் ஏழு நாளும் திறந்திருக்கும். வெள்ளிக்கிழமை மூடியிருப்பது தாஜ்மகால், திங்கட்கிழமை மூடியிருப்பது செங்கோட்டை. இதை மாற்றி நினைவில் வைத்துக்கொண்டு நாளை வீணாக்குகிறவர்கள் உண்டு.

இந்தியர்களுக்குக் கவுன்டரில் 40 ரூபாய், இணையத்தில் எடுத்தால் 35. வெளிநாட்டவருக்கு 600, இணையத்தில் 550. 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். கட்டணம் அவ்வப்போது மாறும் என்பதால் கிளம்பும் முன் இந்தியத் தொல்லியல் துறையின் டிக்கெட் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இலங்கையிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க: சார்க் நாட்டுக் குடிமக்களுக்கு இந்தியர் கட்டணம்தான், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருந்தால் போதும். மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு இந்தச் சலுகை இல்லை. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருப்பவர்களுக்குக் கட்டணத்தில் இந்தியரோடு சம உரிமை என்று 2021 அரசு அறிவிக்கையில் இருக்கிறது; அட்டையை அறையில் விட்டுவிட்டு வந்தால் வாசலில் வாதாடிப் பயனில்லை.

டிக்கெட் கவுன்டர் நுழைவாயிலுக்குச் சாலையின் எதிர்ப்புறம் இருக்கிறது. நேரே வாசலுக்குப் போய், திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி சாலையைக் கடப்பது புதிதாக வருகிறவர்களுக்கு வாடிக்கை. முந்தின இரவே தங்குமிடத்து வைஃபையில் டிக்கெட் எடுத்து, க்யூஆர் கோடு உள்ள பக்கத்தைப் படமாகச் சேமித்துக்கொண்டால் இந்த அலைச்சலே இல்லை.

அக்டோபர் முதல் மார்ச் வரை நல்ல பருவம். அதிலும் டிசம்பர் கடைசியும் ஜனவரியும் சூதாட்டம்: பனிமூட்டம் இறங்கினால் கோபுரத்தின் மேல்பாதியே தெரியாது, பத்து மணிவரைகூட விலகாது. ஏப்ரல் முதல் ஜூன் வரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். முற்றம் முழுக்கக் கல், நிழல் குறைவு. எந்தப் பருவமானாலும் வாசல் திறக்கும் காலை நேரத்துக்குப் போய்விடுங்கள். கூட்டம் இல்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், மசூதியின் வளைவுச் சுவர் கிழக்கே பார்த்து நிற்பது. காலை வெயில் சாய்வாக அதன்மேல் விழும்போதுதான் செதுக்கல்களில் நிழல் தங்கும். எழுத்துகள் எழுந்து நிற்கும். பிற்பகலில் அதே சுவர் வெறும் பழுப்புப் பரப்பு. மாலைக்குப் பின் விளக்கொளியில் பார்க்கவும் அனுமதி உண்டு. அழகாகத்தான் இருக்கும், ஆனால் வேலைப்பாட்டைப் படிக்க அந்த வெளிச்சம் உதவாது.

எடுத்துப்போக வேண்டியவை குறைவு: தண்ணீர், தொப்பி, அடையாள அட்டை, ரப்பர் அடியுள்ள காலணி. ஒரு தொலைநோக்கி இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும் சாதாரணமானது போதும். கோபுரத்தின் எழுத்துப் பட்டைகளைத் தரையிலிருந்து பார்க்க வேறு வழி இல்லை.

முதலில் ஒரே ஒரு விஷயம்: வளைவை எப்படிப் பார்ப்பது

இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் மீதி எல்லாம் தானாகப் புரியும். கல்லில் வளைவு அமைக்க இரண்டு வழிகள். ஒன்று, கற்களைக் கிடையாக அடுக்கி, ஒவ்வொரு வரியையும் கீழ் வரியைவிடக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்து, இரு பக்கமும் மேலே போய்ச் சந்திக்க விடுவது. பிறகு விளிம்பை வளைவாகச் செதுக்கிவிடுவது. தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் உள்கூடு எழுப்பப்பட்டது இந்த முறையில்தான். இந்தியக் கொத்தர்களுக்கு இது கைவந்த கலை. மற்றொன்று, கற்களை ஆப்பு வடிவில் வெட்டி விசிறிபோலச் சுற்றி நிறுத்தி, உச்சியில் ஒரு கல்லால் இறுக்குவது. பாரம் பக்கவாட்டில் பிரிந்து இறங்கும். கற்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும். 'உண்மையான வளைவு' என்பது இதைத்தான். மேற்கிலிருந்து வந்தவர்கள் கேட்டது இரண்டாவது முறை. இங்கே கிடைத்த கைகளுக்குத் தெரிந்தது முதல் முறை.

இரண்டையும் பிரித்தறிய வளைவின் உருவத்தைப் பார்க்காதீர்கள், கல்லின் இணைப்புக் கோடுகளைப் பாருங்கள். கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்திருந்தால் முதல் வகை. நடுவை நோக்கிச் சாய்ந்து குவிந்தால் இரண்டாவது.

1. மசூதி முற்றம்

உள்ளே நுழைந்ததும் கோபுரம் இழுக்கும். ஒரு பார்வை பார்த்துவிட்டு, முதலில் குவ்வத்துல் இஸ்லாம் மசூதியின் கிழக்கு வாசலுக்குச் செல்லுங்கள். முகமது கோரியின் தளபதியாக இருந்த குத்புதீன் ஐபக் 1190களின் தொடக்கத்தில் கட்ட ஆரம்பித்த இடம் இது. கிழக்கு வாசலின் பாரசீகக் கல்வெட்டே, 27 கோவில்களின் பொருட்கள் இதில் பயன்படுத்தப்பட்டன என்றும், அவை ஒவ்வொன்றும் 20 லட்சம் தெஹலிவால் நாணயச் செலவில் கட்டப்பட்டவை என்றும் சொல்கிறது. ஆக, இது பிற்காலத்தில் யாரும் கிளப்பிவிட்ட கதையும் அன்று. யாரும் மறைத்து வைத்த ரகசியமும் அன்று. கட்டியவரே வாசலில் பொறித்து வைத்த செய்தி. வழிகாட்டிகள் இதைத் தங்கள் தங்கள் விருப்பப்படி உரக்கச் சொல்வார்கள். நீங்கள் தூண்களைப் பாருங்கள்.

தமிழ்நாட்டுக் கோவில் மண்டபங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே வேலை எளிது. முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் ஏதேனும் ஒரு தூணைத் தேர்ந்தெடுத்துக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். சங்கிலியில் தொங்கும் மணி, பூரண கும்பம், முகம் சிதைக்கப்பட்ட உருவங்கள். பாதி உயரத்தில் ஒரு இணைப்பு தெரியும். அதற்கு மேல் வேறொரு தூணின் உடல். தாழ்வாரத்துக்குத் தேவையான உயரம் ஒரு தூணில் கிடைக்காததால் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்துத் தூணின் வேலைப்பாடு பெரும்பாலும் இதோடு பொருந்தாது.

இப்போது முற்றத்தின் மேற்கே திரும்பினால் உயரமான வளைவுச் சுவர். நடு வளைவு ஏறத்தாழ 16 மீட்டர். மசூதி முடிந்தபின் 1199 வாக்கில் முன்னால் எழுப்பப்பட்ட சுவர் இது. இணைப்புக் கோடுகளைத் தேடுங்கள்: எல்லாமே படுக்கை. உருவம் மேற்கத்திய வளைவு, உள்ளே உத்தி இங்குள்ளது. மேலே உச்சியில் மட்டும் கற்கள் சாய்ந்து சந்திக்கும். எழுத்துப் பட்டைகளைச் சுற்றி ஓடும் கொடிகளும் சுருள்களும் கோவில் சிற்பியின் கை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். இதே சுவரை, ஐபக்குக்குப் பின் வந்த டெல்லி சுல்தான் இல்துத்மிஷ் இரு பக்கமும் நீட்டினார். அந்த நீட்டிப்பில் கொடிகள் தட்டையாகி, வடிவக் கணக்கு கூடிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ முப்பது ஆண்டுதான்.

2. இரும்புத் தூண்

அதே முற்றத்தின் நடுவில் நிற்கிறது. மசூதியைவிடச் சுமார் 800 ஆண்டு மூத்தது. மொத்த நீளம் 7.2 மீட்டர், அதில் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் தரைக்கடியில். எடை 6 டன்னுக்கு மேல். ஆறு வரி சமஸ்கிருதக் கல்வெட்டு 'சந்திரன்' என்ற அரசனைப் புகழ்ந்து, விஷ்ணுபத மலையில் விஷ்ணுவின் கொடித்தூணாக இது நிறுத்தப்பட்டது என்கிறது. அந்தச் சந்திரன் குப்த அரசன் இரண்டாம் சந்திரகுப்தன் என்பது பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட முடிவு. அப்படியென்றால் தூண் வேறெங்கிருந்தோ இங்கே கொண்டுவரப்பட்டது.

துருப்பிடிக்காததற்கு மந்திரம் தேவையில்லை. பழைய உலையில் சுண்ணாம்பு சேர்க்காமல் உருக்கிய இரும்பில் பாஸ்பரஸ் அதிகமாகத் தங்கிவிட்டது. அது காற்றோடும் ஈரத்தோடும் வினைபுரிந்து மேற்பரப்பில் இரும்பு பாஸ்பேட் கலந்த மெல்லிய பாதுகாப்புப் படலமாகிவிட்டது. கான்பூர் ஐஐடியின் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் இதை விரிவாக ஆராய்ந்து விளக்கியிருக்கிறார். 'துளிகூடத் துருவே இல்லை' என்று சொல்வார்கள். மண்ணுக்குள் ஈரத்திலேயே கிடந்த அடிப்பகுதி துருப்பிடித்துத்தான் இருந்தது. ஈரம் பட்டு, காய்ந்து, மறுபடி ஈரம் படும் சுழற்சி இருந்தால்தான் அந்தப் படலம் உருவாகும்.

முதுகைத் தூணில் சாய்த்துக் கைகளைப் பின்னால் கோத்தால் நினைத்தது நடக்கும் என்ற நம்பிக்கையில் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் கட்டிப்பிடித்ததால் கீழ்ப்பகுதி தேய்ந்து பளபளப்பாகிவிட்டது. அதனால் 1997இல் வேலி போட்டார்கள். வேலிக்குள் கைவிட்டுத் தொட முயன்றால் காவலர் விசில் வரும்.

3. மினார்

இப்போதுதான் கோபுரம். முற்றத்தின் தென்கிழக்கு மூலைக்குப் போங்கள்.

உயரம் 72.5 மீட்டர், அதாவது 238 அடி; ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரத்தோடு ஏறக்குறைய ஒன்று. அடி விட்டம் 14.32 மீட்டர், உச்சியில் 2.75 மீட்டர். உள்ளே 379 படிகள். ஐந்து அடுக்குகள், ஏறத்தாழ 95, 51, 41, 25, 22 அடி. மேலே போகப் போக அடுக்கின் உயரமும் விட்டமும் சேர்ந்தே குறைவதால், அடியில் நின்று பார்க்கும்போது கோபுரம் இருப்பதைவிட உயரமாகத் தெரிகிறது.

'உலகின் மிக உயரமான செங்கல் மினார்' என்று இணையமெங்கும் எழுதியிருப்பார்கள். நீங்கள் எதிரே நின்று பார்ப்பது சிவப்பு, மஞ்சள் மணற்கல். உட்புறம் டெல்லிப் பகுதியில் கிடைக்கும் சாம்பல் நிறக் கடினக்கல். செங்கல்லில் கட்டிய மூதாதை இதற்கு உண்டு: ஆப்கானிஸ்தானில் கோரி அரசர்கள் எழுப்பிய ஜாம் மினார், சுமார் 65 மீட்டர். அந்த வடிவம் இங்கே கல்லுக்கு மாறியது.

அடுக்குகளை இப்படிப் பாருங்கள். முதல் அடுக்கில் 24 புடைப்புகள். ஒன்று அரைவட்டம், அடுத்தது கூர்முனை, மாறி மாறி. இரண்டாவதில் அரைவட்டம் மட்டும். மூன்றாவதில் கூர்முனை மட்டும். நான்காவது அடுக்கில் புடைப்பே இல்லை. வழவழப்பான உருளை, வெள்ளைப் பளிங்கு. இந்த இடத்தில் யாரோ கைமாறியிருக்கிறார்கள் என்று யாரும் சொல்லாமலே தெரியும்.

கைமாறியது உண்மை. ஐபக் கட்டி முடித்தது முதல் அடுக்கை மட்டும், 1210இல் இறந்துவிட்டார். இல்துத்மிஷ் மேலே மூன்று அடுக்குகளை எழுப்பினார். பிறகு இடி விழுந்து உச்சி சேதமானது. பிரோஸ் ஷா துக்ளக் 1368-69இல் நான்காவது அடுக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு அடுக்குகளைக் கட்டினார். பளிங்கு வந்தது அவர் கையால். வடக்கே உள்ள நுழைவுக் கதவின்மேல் இன்னொரு கல்வெட்டு, சிக்கந்தர் லோடி 1503இல் பழுதுபார்த்ததைச் சொல்கிறது.

தொலைநோக்கியை எடுக்க வேண்டியது இங்கேதான். முதல் அடுக்கைச் சுற்றி ஆறு எழுத்துப் பட்டைகள்: குர்ஆன் வசனங்களும் கோரி சுல்தான்களின் புகழும். அரபிக்கு நடுவே சில இடங்களில் நாகரி எழுத்திலும் கிறுக்கல்கள் உண்டு. வேலை செய்த கொத்தர்கள் வெட்டியவை. பிரோஸ் ஷா காலத்துப் பழுதுபார்ப்பைக் குறிக்கும் ஒன்றில், விஸ்வகர்மாவின் அருளால் இது ஆனது என்று எழுதியிருக்கிறது.

அடுத்து உப்பரிகைகள். ஒவ்வொரு அடுக்கின் முடிவிலும் கோபுரத்தைச் சுற்றி வெளியே நீண்டு நிற்கும் மாடத்தைத் தாங்குவது, தேன்கூட்டு அறைகள்போல் ஒன்றன்மேல் ஒன்று பிதுங்கும் சிறு கல் குழிகள். முதல் மாடத்துக்கு நேர் கீழே, சுவரோடு ஒட்டிய தூரத்தில் நின்று கழுத்தை நிமிர்த்துங்கள். ஒவ்வொரு குழியும் தனித்தனியாக வெட்டப்பட்டு, மாடத்தின் பாரத்தைப் படிப்படியாகத் தண்டுக்குள் இறக்குவது தெரியும். அழகுக்காக வைத்த வேலை என்று பலர் நினைப்பதில் பாதிக்கு மேல் இப்படிப் பாரம் சுமப்பது.

மேலே ஏற முடியாது. 1981 டிசம்பர் 4 அன்று உள்ளே மின்விளக்கு அணைந்து, இருட்டில் நெரிசல் ஏற்பட்டு 45 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். படிக்கட்டு குறுகலானது, ஏறுகிறவரும் இறங்குகிறவரும் ஒரே வழி. அன்று மூடிய கதவு பொதுமக்களுக்குத் திறக்கப்படவில்லை. 'உள்ளே ஆள் இருக்கிறார், கொஞ்சம் கொடுத்தால் ஏற்றிவிடுவார்' என்று யாராவது சொன்னால் அது பச்சை மோசடி.

கோபுரம் தென்மேற்கே சுமார் 65 செ.மீ. சாய்ந்திருக்கிறது. இவ்வளவு உயரத்தில் அது கண்ணுக்குப் புலப்படாது. படத்தில் சாய்வாகத் தெரிந்தால் சாய்ந்தது உங்கள் போன்.

4. இல்துத்மிஷின் கல்லறை

முற்றத்தை மறுபடி கடந்து வடமேற்கு மூலைக்கு. 1235 வாக்கில், அவர் உயிரோடிருந்தபோதே கட்டியது. வெளிப்பக்கம் எளிமை, உள்ளே சுவரில் விரலகலம் வெற்றிடம் இல்லை. இதற்குக் கூரை இல்லை. நான்கு மூலைகளிலும் மேலே பாருங்கள்: சதுர அறையின் மூலையைக் குறுக்கே வெட்டி, எண்கோணமாக்கும் சிறு வளைவுகள். எண்கோணத்தின்மேல் வட்டக் குவிமாடத்தை உட்கார வைப்பதற்கான ஏற்பாடு. ஆனால் இணைப்புக் கோடுகள் இன்னும் படுக்கையாகத்தான் ஓடுகின்றன. குவிமாடம் இருந்து விழுந்துவிட்டது என்பது பொதுவான கருத்து. இந்த மூலைகளைப் பார்த்தால் விழுந்ததில் வியப்பில்லை. நடுவில் உள்ள பளிங்குச் சமாதி அடையாளத்துக்கு வைத்தது. உண்மையான புதைகுழி கீழே நிலவறையில்.

5. அலாய் தர்வாசா, 1311

இல்துத்மிஷ் கல்லறையிலிருந்து மேற்குப் பக்கமாகவே தெற்கே நடந்தால் தென்மேற்கில் அலாவுதீன் கில்ஜியின் மதரசாவும் அவருடையது எனப்படும் கல்லறையும் வரும். கரடுமுரடான சிதைவுகள், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அப்படியே கிழக்கே திரும்பினால் மினாருக்குத் தெற்கே சிவப்பும் வெள்ளையுமாக ஒரு சதுர வாயில் மண்டபம். வளாகத்தில் எதையாவது ஒன்றை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றால் மினாரை அல்ல, இதைத்தான் சொல்ல வேண்டும்.

தெற்கு வாசலில் நின்று வளைவைப் பாருங்கள். இணைப்புக் கோடுகள் விசிறியாகக் குவிகின்றன. உள்ளே நுழைந்து மூலைகளைப் பாருங்கள்: ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய வளைவுகள், அவையும் விசிறி. அதற்கு மேல் குவிமாடம், 700 ஆண்டுகளுக்குப் பிறகும் நிற்கிறது. இல்துத்மிஷ் கல்லறையில் தடுமாறிய வேலை இங்கே முடிந்துவிட்டது. வளைவின் உள்விளிம்பில் வரிசையாகத் தொங்கும் தாமரை மொட்டுகளைக் கவனியுங்கள். மூன்று வாசல்களின் வளைவு குதிரைலாடத்தைக் கூராக்கிய வடிவம். மசூதியை நோக்கிய வடக்கு வாசல் மட்டும் அரைவட்டம். ஜன்னல்களில் கல் சல்லடை. காலையில் அதன் நிழல் தரையில் விழும்.

இது கட்டி முடிந்த அதே 1311இல்தான் அலாவுதீனின் தளபதி மாலிக் கபூர் மதுரை வரை வந்து கொள்ளையோடு டெல்லி திரும்பினார். தென்னாட்டிலிருந்து போகிறவர்கள் இந்த வாசலில் நிற்கும்போது அந்த ஆண்டை நினைவில் வைத்திருப்பது பொருத்தம்.

பக்கத்திலேயே சிறிய, வெள்ளை பூசிய குவிமாடம் இமாம் ஜாமினின் கல்லறை. முகலாயர் காலம், 1530களின் இறுதி. பார்த்துக்கொண்டே கடந்துவிடலாம்.

6. தென்கிழக்குப் புல்வெளியும் அலாய் மினாரும்

புல்வெளியில் பொருத்தமில்லாமல் ஒரு கல் மண்டபம் உட்கார்ந்திருக்கும். 1803 நிலநடுக்கத்தில் மினாரின் உச்சி மகுடம் விழுந்தது. 1828இல் ராபர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கோபுரத்தைப் பழுதுபார்த்துவிட்டு, வங்காள பாணியில் ஒரு மண்டபத்தை உச்சியில் வைத்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். 1848இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் அதை இறக்கச் சொன்னார். இறக்கிய மண்டபம்தான் இது. மினாரின் உச்சி இன்று மொட்டையாக இருப்பதன் காரணமும் இதுவே.

கடைசியாக வடக்கே திரும்புங்கள். அலாய் மினார்: ஐபக்கின் கோபுரத்தைப்போல் இருமடங்கு உயரத்தில் ஒன்று வேண்டும் என்று அலாவுதீன் தொடங்கியது. முதல் அடுக்கு 25 மீட்டர் அளவுக்கு எழுந்தபோது 1316இல் அவர் இறந்தார், வேலை நின்றது. அழகில்லை என்று ஆட்கள் திரும்பிப் பார்க்காமல் போகிறார்கள். ஆனால் ஒரு மினாரின் உள்ளுடம்பைப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. செதுக்கிய வெளிக்கல் போர்த்தப்படும் முன் உள்ளே என்ன இருக்கும்? கரடுமுரடான கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த திணிப்பு, ஏறும் சரிவுப்பாதை, புடைப்புகளுக்கான முரட்டு உருவம். மினாரைப் பார்த்த கையோடு இதைப் பார்த்தால் அந்த மணற்கல் எவ்வளவு மெல்லிய ஆடை என்பது விளங்கும்.

படம் எடுப்பது

அடியில் நின்று அகலக் கோணத்தில் எடுக்கும் படத்தில் கோபுரம் பின்னால் விழுவதுபோல் வரும். காரணம், போனை மேல்நோக்கிச் சாய்ப்பது. சாதாரண லென்ஸில் போனை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் மேலும் கீழும் மொத்தம் 70 டிகிரி அளவுக்குப் பிடிக்கும். அந்தக் கணக்கில், கோபுரத்திலிருந்து சுமார் 100 மீட்டர் தள்ளி நின்றால் போனைச் சாய்க்காமலே உச்சி சட்டத்துக்குள் வந்துவிடும். கீழே நிறையத் தரை வரும். அதைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். புல்வெளிகளில் அந்தத் தூரம் கிடைக்கும். அருகிலிருந்துதான் எடுப்பேன் என்றால் முழுக் கோபுரத்தை விட்டுவிட்டு ஒரு மாடத்தையும் ஒரு எழுத்துப் பட்டையையும் எடுங்கள். அதுவே நல்ல படம். முக்காலிக்கு முன் அனுமதி வேண்டும். ட்ரோன் கூடவே கூடாது.

வாசலில் வழிகாட்டி எடுக்கலாமா

எடுக்கலாம். அரசு உரிம அட்டை கழுத்தில் இருக்கிறதா என்று பார்த்து, எந்த மொழி, எவ்வளவு நேரம், எவ்வளவு தொகை என்ற மூன்றையும் முன்பே பேசுங்கள். ஒரு சிறு சோதனை: 'இது உண்மையான வளைவா, படுக்கைக் கல்லா?' என்று கேளுங்கள். சுவரைக் காட்டிப் பேசத் தொடங்கினால் நல்ல ஆள். ராஜா ராணிக் கதைக்குத் தாவினால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

நேரம் மிச்சமிருந்தால்

மினார் வளாகத்துக்குத் தெற்கே, நடக்கும் தூரத்தில் மெஹ்ரோலி தொல்லியல் பூங்கா. நுழைவுக் கட்டணம் இல்லை. மேலே சொன்ன வரிசையில் விடுபட்ட ஒரு கண்ணி அங்கே கிடக்கிறது: 1287இல் இறந்த டெல்லி சுல்தான் பால்பனின் கல்லறை. கூரை போய், சுவர் இடிந்து, பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் இந்தியாவில் எஞ்சியிருக்கும் முதல் உண்மையான வளைவு என்று கட்டடக்கலை வரலாறு காட்டுவது இதைத்தான். இல்துத்மிஷ் கல்லறைக்கும் அலாய் தர்வாசாவுக்கும் நடுவில் வருகிறது. அங்கிருந்து ஜமாலி கமாலி மசூதியும், நான்கடுக்குப் படிக்கிணறான ராஜோன் கி பாவ்லியும் பத்துப் பதினைந்து நிமிட நடை. பாதைகள் பிரிந்து பிரிந்து போகும், வழிப்பலகை குறைவு. வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். முட்புதர் இருப்பதால் செருப்பு வேண்டாம். உள்ளே கடை கிடையாது, தண்ணீரை வெளியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மாலை மங்கும் முன் பூங்காவை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.